பழைய பெட்ரோல் டேங்க் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காரின் டேங்க் போய்விட்டது என்றால் பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: "வேற வண்டியில கழட்டினது கிடைச்சா போட்டுக்கலாமா?" பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டுவதே பொழுதுபோக்காகிவிட்ட எனக்கு, இதற்குப் பின்னால் வரும் சந்தேகங்கள் வரிசை மாறாமல் மனப்பாடம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். டேங்கின் உருவத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். பொருந்துமா இல்லையா என்பதை முடிவு செய்வது அதன் வாய்களும் குழாய்களும்.

வண்டிக்கு அடியில பெட்ரோல் சொட்டுது. டேங்க்தான் போச்சுன்னு எப்படி உறுதி பண்றது?

ஃபுல் டேங்க் அடித்த அன்று மட்டும் வாடையும் ஈரமும் வந்து, கால்வாசி தீர்ந்ததும் நின்றுவிட்டால் டேங்க் பெரும்பாலும் நிரபராதி. மேலே பம்ப் உட்கார்ந்திருக்கும் வாயின் சீலோ, பெட்ரோல் ஊற்றும் குழாயையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் ஓஸோதான் காரணமாக இருக்கும். அரை டேங்கிலும் சொட்டுகிறது என்றால் அடிப்பக்கம், ஓரத் தையல், டேங்கைத் தாங்கும் பட்டை அழுத்தும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள்.

அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து உலர்த்திவிட்டு, ஒரு பழைய செய்தித்தாளை விரித்து ஒரு இரவு விட்டுவிடுங்கள். கறை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு நேர் மேலே தேடுங்கள். ஓஸ் மாற்றினால் தீர்கிற வேலைக்கு டேங்க் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

புதுசே வாங்கிடலாமே? பழசு எதுக்கு?

கிடைத்தால் புதிதையே வாங்குங்கள், அதில் விவாதமே இல்லை. ஆனால் மாடலை நிறுத்திப் பல வருடமான வண்டிக்குப் புது டேங்க் கிடைப்பது அரிது. பிளாஸ்டிக் டேங்க் என்றால் பழசு நல்ல பேரம்தான். அது துருப்பிடிக்காது, அடி வாங்காமல் இருந்தால் வண்டியின் ஆயுளையும் தாண்டி இருக்கும். இரும்பு டேங்க் என்றால், உள்ளே எட்டிப் பார்க்க விடாத கடையில் நான் வாங்க மாட்டேன்.

அதே கம்பெனி, அதே மாடல், அதே வருஷம். அப்படியே உட்கார்ந்துடும்ல?

உட்காரலாம். ஆனால் இந்த மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஒரே மாடலிலேயே பெட்ரோல், டீசல் என்று இரண்டு இருக்கும். டிக்கி வைத்ததும் வைக்காததும் இருக்கும். முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியும் இருக்கும். கடைசியில் சொன்னதில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டுக்கு வழிவிட, டேங்கை நடுவில் பள்ளமாக்கிக் குதிரைச் சேணம் போல இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருப்பார்கள். தட்டையான டேங்கை அங்கே வைக்க இடமே கிடையாது.

வருடமும் நம்பத் தகுந்ததல்ல. பதிவுச் சான்றில் இருப்பது வண்டியைப் பதிவு செய்த வருடமாக இருக்கலாம். வண்டி அதற்கு முந்தைய வருடமே தயாராகியிருக்கலாம். முகப்பை மாற்றி 'புதிய' வண்டி என்று விடும்போது, சத்தமில்லாமல் டேங்கின் பம்ப் வாயையும் ஆவிக் குழாய்களையும் மாற்றிவிடுவார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெயர்ப்பலகை வேறாக இருந்தும் உள்ளே ஒரே வண்டியாக இருக்கலாம். டொயோட்டா 86 காரும் சுபாரு பிஆர்இசட் காரும் அந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கிய இரட்டைப் பிள்ளைகள். உங்கள் வண்டிக்கு இப்படி ஒரு இரட்டை இருந்தால் தேடும் வட்டம் பெரிதாகும். ஆனால் அங்கேயும் பார்ட் நம்பரைச் சரிபார்த்த பிறகுதான் வாங்க வேண்டும்.

அந்த பார்ட் நம்பர் எங்கே இருக்கும்?

பிளாஸ்டிக் டேங்கில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அல்லது உடம்பிலேயே புடைப்பாக அச்சாகியிருக்கும். இரும்பில் பெரும்பாலும் அச்சுக் குத்தியிருப்பார்கள். மண்ணும் தாரும் மூடியிருக்கும், ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கில் சின்ன கடிகாரம் மாதிரி ஒரு வட்டமும் தெரியும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், ஒரு அம்புக்குறி. அம்பு காட்டுவது டேங்க் வார்த்த மாதம். கடைக்காரர் சொல்லும் வருடத்தை இதை வைத்துச் சோதித்துவிடலாம்.

சரி, உங்கள் வண்டிக்கு எந்த நம்பர் என்று எப்படித் தெரியும்? 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும் சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் உதிரிபாகப் பிரிவில் கொடுத்தால் பார்த்துச் சொல்வார்கள். பழைய நம்பருக்குப் பதிலாகப் புது நம்பர் வந்திருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். நம்பர் மாறியிருந்தாலும் பொருள் பொருந்தும் என்றால் அதையும் அவர்களால் சொல்ல முடியும். கடைசி எழுத்து மட்டும் வேறாக இருந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். வித்தியாசம் சில நேரம் ஒரு வால்வாக இருக்கும், சில நேரம் முழு டேங்காகவே இருக்கும்.

ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சு, நம்பரே இல்லை. அளந்து பார்த்து வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் நீளம் அகலத்தை அளப்பதில் பெரிய பயன் இல்லை. முதலில் பம்ப் உட்காரும் வாயின் விட்டம். அந்த வாயைப் பூட்டும் வளையம் மரை உள்ளதா, சுழற்றிப் பூட்டும் பல் உள்ளதா? ஊற்றும் குழாய் சேரும் இடம் இடப்பக்கமா வலப்பக்கமா, அதன் விட்டம் என்ன? எத்தனை சின்னக் குழாய்கள், எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன? பட்டை ஓடும் பள்ளங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம்? இவ்வளவும் ஒத்துப்போனால் பிறகு உருவத்தைப் பார்க்கலாம்.

உங்கள் டேங்கை ஏற்கெனவே இறக்கியிருந்தால், பூட்டு வளையத்தைக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே போட்டுப் பாருங்கள். ஸ்கேல் பொய் சொல்லும், வளையம் சொல்லாது.

டீசல் வண்டி டேங்கை பெட்ரோல் வண்டிக்குப் போடலாமா? ரெண்டும் எண்ணெய்தானே?

வேண்டாம். ஊற்றும் வாயிலேயே வித்தியாசம் தொடங்குகிறது. பங்க்கில் பெட்ரோல் ஊற்றும் துப்பாக்கியின் முனை சுமார் 21 மில்லிமீட்டர், டீசலுடையது சுமார் 24. பெட்ரோல் வண்டியின் வாயைச் சிறிதாக வைத்திருப்பது டீசல் முனை நுழையாமல் தடுக்கத்தான். டீசல் கழுத்தோடு மாற்றிவிட்டால் அந்தக் காவல் போய்விடும். டீசலில் பம்பின் அமைப்பும் எஞ்சினிலிருந்து திரும்பி வரும் குழாயும் வேறு. பெட்ரோல் டேங்கில் இருக்கும் ஆவி பிடிக்கும் ஏற்பாடு அதில் இருக்காது.

திருப்பிப் போடுவதும் வம்புதான். உள்ளே துத்தநாகம் பூசிய இரும்பு டேங்கில் டீசலை ஊற்றினால், துத்தநாகம் டீசலில் உள்ள அமிலங்களோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பிசினாகிவிடும். அது போய் உட்காருவது எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இஞ்செக்டரில்.

கார்புரேட்டர் வண்டி டேங்க் ஒண்ணு சும்மா கிடக்குது. இஞ்செக்‌ஷன் வண்டிக்கு ஆகுமா?

உருவம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் ஆகாது. கார்புரேட்டர் வண்டியில் எஞ்சின் பக்கத்தில் இருக்கும் பம்ப் மெதுவாக உறிஞ்சும், அதன் அழுத்தம் 1 பாருக்கும் வெகுவாகக் கீழே. இஞ்செக்‌ஷனில் டேங்கின் உள்ளேயே மின்சார பம்ப் உட்கார்ந்து 3 அல்லது 4 பார் அழுத்தத்தில் தள்ளும். பழைய டேங்கில் அந்த பம்ப் போகும் அளவுக்கு வாயே இருக்காது.

வாய் வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. அவர்கள் மறப்பது உள்ளே இருக்கும் குட்டிக் கிண்ணத்தை. திருப்பத்தில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சரியும்போது பம்ப் காற்றை உறிஞ்சாமல் இருக்க அந்தக் கிண்ணம்தான் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும். அது இல்லாவிட்டால் கால் டேங்கில் வளைவில் திரும்பும்போது வண்டி விக்கும்.

என்னுடையது 45 லிட்டர். 55 லிட்டர் டேங்க் கிடைச்சா லாபம்தானே?

கூடுதல் 10 லிட்டருக்கான இடம் எங்கிருந்து வரும் என்று முதலில் பாருங்கள். டேங்கைச் சுற்றி சைலன்சர் குழாயும் ஆக்ஸிலும் கைபிரேக் கேபிளும் அளவெடுத்த மாதிரி ஓடும். சைலன்சருக்கு நெருக்கமாகப் போன டேங்கில் லாபம் எதுவும் இல்லை. ஒரே மாடலுக்குக் கம்பெனியே இரண்டு அளவில் டேங்க் கொடுத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் பெட்ரோல் அளவு காட்டும் மீட்டரின் தொல்லை உண்டு.

டேங்க் மாத்தினதுக்கு அப்புறம் மீட்டர் தலைகீழா காட்டுது. ஏன்?

டேங்கின் உள்ளே மிதவையோடு இருந்து அளவை மீட்டருக்கு அனுப்பும் உறுப்புதான் சென்டர், அது ஒரு மின்தடைதான். மிதவை ஏறி இறங்கும்போது ஓம் மாறும், அதை மீட்டர் லிட்டராகப் படிக்கும். எல்லோரும் ஒரே கணக்கை வைத்துக்கொள்வதில்லை. அமெரிக்க வழக்கத்தில் பரவலானது காலிக்கு 240 ஓம், நிறைவுக்கு 33. ஐரோப்பிய வழக்கத்தில் பரவலானது காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180. முதல் வகைச் சென்டரை இரண்டாம் வகை மீட்டரோடு இணைத்தால், ஃபுல் டேங்கில் வரும் 33 ஓமைப் பார்த்து மீட்டர் 'தீரப்போகிறது' என்று பதறும்.

உங்கள் பழைய சென்டர் நல்ல நிலையில் இருந்தால் அதையே புது டேங்குக்கு மாற்றுங்கள். ஆனால் மிதவைக் கம்பியின் நீளமும் வளைவும் அந்த டேங்கின் ஆழத்துக்கு ஏற்றபடி செய்தவை. ஆழம் மாறினால் மீட்டர் பொய் சொல்லும். 45, 55 லிட்டர் கேள்வியில் தொல்லை என்று சொன்னது இதைத்தான். சேணம் போன்ற டேங்கில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சென்டர் இருக்கும், இரண்டையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

பழைய சாமான் கடைக்குப் போனா டேங்கில எதையெல்லாம் பார்க்கணும்?

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். நம்பர் சரி, மாதம் சரி, பிளாஸ்டிக், கீறல்கூட இல்லை. பெருமையாகத் தூக்கி வந்து, கழுவலாம் என்று தண்ணீர் ஊற்றினேன். கால் நனைந்தது. அடியில் சூட்டைத் தடுக்கும் வெப்பத் தகடு ஒன்று கிளிப்பில் நின்றது. அதைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை. வண்டியை உடைக்கும் இடங்களில் எண்ணெயை வடிக்க, அடியில் ஒரு கூர்முனைக் கருவியால் குத்தி உறிஞ்சுவது வழக்கம். அவர்களுக்கு அது வேகமான வேலை, டேங்குக்கு அதோடு கதை முடிந்தது. அன்றிலிருந்து தகட்டைக் கழற்றாமல் எதையும் வாங்குவதில்லை.

அடுத்தது ஃபோர்க்லிஃப்ட் தழும்பு. வண்டியை அடியில் கொடுத்துத் தூக்கும்போது இரும்புக் கை டேங்கில் அழுந்தும். பிளாஸ்டிக் உள்வாங்கிவிட்டு மறுபடி பழைய உருவத்துக்கு வந்துவிடும், மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும். அந்தக் கோட்டை நம்பாதீர்கள். ஓரத் தையலைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். சின்னக் குழாய் முனைகளை மெல்ல அசைத்துப் பாருங்கள், கழற்றும் அவசரத்தில் முதலில் ஒடிவது அவைதான். பின்பக்கமோ பக்கவாட்டிலோ மோதிய வண்டியின் டேங்க் என்றால் விட்டுவிடுங்கள்.

இரும்பில் துரு தொடங்குவது பட்டைக்கு அடியில். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் இருக்கும் துணியோ ரப்பரோ ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த இரண்டு கோட்டையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல இடமும் இற்றுப்போன இடமும் ஒரே மாதிரி ஒலிக்காது. பட்டைகளையும் வெப்பத் தகட்டையும் சேர்த்தே பேசி வாங்குங்கள், தனியாகத் தேடினால் கிடைக்காது.

உள்ளே லேசா துரு இருக்கு. கழுவிட்டா போதாதா?

விரலில் ஒட்டும் பழுப்புப் பொடி மட்டும் என்றால் சுத்தம் செய்துவிடலாம். செதில் செதிலாக உரிந்தால் வேண்டாம். பம்பின் அடியில் இருக்கும் சல்லடையை அந்தச் செதில் அடைக்கும். நீங்கள் சல்லடையைச் சுத்தம் செய்ய, அது மறுபடி அடைக்க, ஒரு முடிவே இருக்காது. உள்ளே பூசும் எபாக்சிக் கலவைகள் கிடைக்கின்றன. ஆனால் துருவையும் எண்ணெய்ப் பசையையும் முழுதாக எடுக்காமல் பூசினால், பூச்சே பெரிய பெரிய செதிலாக உரிந்து வரும்.

துருவைவிட எனக்கு அதிகம் பிடிக்காதது அரக்கு. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் கெட்டு, பழைய வார்னிஷ் வாடையோடு மஞ்சளாகப் படிந்திருக்கும். இரும்பு, பிளாஸ்டிக் இரண்டிலும் வரும். மூடியைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிடும்.

சின்ன ஓட்டைதான். காலி டேங்க்தானே, வெல்டிங் வெச்சுக்கலாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் குரலை உயர்த்துவேன். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. எரிவது திரவம் அல்ல, ஆவி. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். ததும்பும் டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. 'காலி' டேங்கில் மூலையில் மிஞ்சிய நாலு சொட்டு, அந்தக் கலவையை உண்டாக்கத் தாராளமாகப் போதும். மைனஸ் 40 டிகிரியிலும் பற்றக்கூடிய ஆவி தரும் சரக்கு அது. இரண்டு நாள் வெயிலில் வைத்தேன், வாடையே இல்லை என்பார்கள். தையல் மடிப்பில் ஒளிந்திருப்பது வெல்டிங் சூடு பட்டதும் வெளியே வரும்.

இரும்பு டேங்கை முறைப்படி ஆவி நீக்கி வேலை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுங்கள், இல்லையென்றால் வேறு டேங்க் பாருங்கள். டிரில் போடுவதும், கிரைண்டர் பிடிப்பதும் இதே கணக்குதான். பிளாஸ்டிக் டேங்கை ஒட்டுவதும் நிற்காது. டேங்க் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது, அதிலும் பெட்ரோலில் ஊறியது என்றால் சுத்தமாகப் பிடிக்காது.

மாட்டறதுக்கு முன்னாடி லீக் டெஸ்ட் பண்ணணும். கம்ப்ரசர் காத்து விடலாமா?

ஒரு சின்ன கணக்கு. 60 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் முகம் உள்ள டேங்கின் பரப்பு 3,000 சதுர சென்டிமீட்டர். வெறும் 0.1 பார் அழுத்தத்துக்கே அந்த முகத்தின் மீது சுமார் 300 கிலோ விசை. 6 பார் கம்ப்ரசரைத் திறந்துவிட்டால் 18 டன். டேங்க் ஒரு தொட்டி, சிலிண்டர் இல்லை. உப்பி, தையல் பிரிந்துவிடும்.

நான் செய்வது எளிது. முதலில் நன்றாகக் கழுவி உலர்த்தி விடுவேன். பம்ப் வாயை மூடி, சின்னக் குழாய்களை அடைத்து, ஒன்றில் மட்டும் சாதாரண பலூனை மாட்டுவேன். சைக்கிள் பம்பால் பலூன் உப்பும் வரை மட்டும் காற்று. பலூனே மீட்டர், பலூனே பாதுகாப்பு வால்வு. அரை மணி நேரம் அது சுருங்காமல் நின்றால் டேங்க் நல்லது. சுருங்கினால் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வரும் இடத்தைப் பிடிக்கலாம். ஆனால் வாயால் ஊதவே ஊதாதீர்கள்.

பம்போட சேர்த்தே தர்றாங்க. அதையே விட்டுடலாமா?

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நம்பி மாட்டாதீர்கள். பல காலம் காய்ந்து கிடந்த பம்ப் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, டேங்கை மறுபடி இறக்கும் வேலை உங்களுக்குத்தான். உங்களுடையது நன்றாக இருந்தால் அதுவே போதும். பூட்டு வளையமும் சென்டரும் உபரியாக இருக்கட்டும்.

சீல் மட்டும் கட்டாயம் புதிது. பழைய ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். கழற்றிய பிறகு அதன் பள்ளத்திலேயே திரும்ப உட்காராது, ஒரு இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அழுத்திப் பூட்டினால் மடிந்துவிடும். முதல் கேள்வியில் சொன்ன ஃபுல் டேங்க் வாடை பாதி நேரம் இதனால்தான்.

ரெண்டு சின்னக் குழாய் எங்கேயும் போகாம நிக்குது. அடைச்சுடலாமா?

அடைக்காதீர்கள். அவை ஆவிக்கும் காற்றுக்குமான வழி. டேங்கில் எழும் ஆவி ஒரு கரி டப்பாவுக்குப் போய்த் தங்கி, எஞ்சின் ஓடும்போது அங்கிருந்து உறிஞ்சப்பட்டு எரியும். பெட்ரோல் குறையும்போது வெளிக்காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். எல்லாவற்றையும் அடைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி வண்டி திணறும், மெல்லிய டேங்க் சப்பிப்போவதும் உண்டு. திறந்தே விட்டால் காருக்குள் வாடை.

குழாய்களின் எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் டேங்கே வேறு என்று அர்த்தம், அளக்கும் கேள்விக்குத் திரும்பிப் போங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் எஞ்சின் விளக்கு எரிந்து, கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0455 என்று வந்தால் பெரிய ஆவிக் கசிவு, பி0442 என்றால் சின்னது. டேங்கைச் சந்தேகிப்பதற்கு முன் மூடியை இறுக்கிப் பாருங்கள். பல முறை அதுதான்.

என்னுடையது ஹைபிரிட். இதெல்லாம் பொருந்துமா?

சாதாரண ஹைபிரிட் என்றால் பெரும்பாலும் பொருந்தும். பிளக் போட்டு சார்ஜ் ஏற்றும் வகை என்றால் கவனம். எஞ்சின் நாள்கணக்கில் ஓடாததால் ஆவியை உறிஞ்ச ஆள் இல்லை, அதனால் பலவற்றில் அழுத்தம் தாங்கும் மூடிய டேங்க் வைத்திருப்பார்கள். பெட்ரோல் போடும் முன் ஒரு பட்டனை அழுத்திக் காத்திருக்கச் சொல்வது அந்த அழுத்தத்தை இறக்கத்தான். அதற்கு அதே நம்பர் டேங்க் மட்டுமே. வீட்டில் கழற்றும் வேலையும் அல்ல.

வெளியூர்ல ஒண்ணு இருக்கு. பார்சல்ல அனுப்பச் சொல்லலாமா?

பெட்ரோல் தங்கிய, சுத்தம் செய்யாத டேங்க் காலியாக இருந்தாலும் அபாயச் சரக்குக் கணக்கில்தான் வரும். பார்சல்காரர் வாடை பிடித்தால் திருப்பி அனுப்புவார். கழுவி, ஆவி போக்கி, வாய்களை மூடி அனுப்பக் கடைக்காரர் ஒப்புக்கொள்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அடிப்பக்கம், பம்ப் வாய், ஸ்டிக்கர், மாதக் கடிகாரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் வாங்குங்கள். அடிப்பக்கப் படத்தில் வெப்பத் தகடு கழன்றிருக்க வேண்டும். ஏன் என்று மேலே என் கால் நனைந்த கதையில் இருக்கிறது.

மாட்டியாச்சு. ஃபுல் டேங்க் அடிச்சுடலாமா?

பொறுங்கள். முதலில் 5 லிட்டர் மட்டும். சாவியை எஞ்சினைக் கிளப்பாமல் இரண்டு மூன்று முறை ஆன் செய்து பம்பை ஓடவிட்டு, எல்லா இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள். ஊற்றும் குழாய் இரும்பாக இருந்தால் அதன் எர்த் ஒயரைத் திரும்ப மாட்டினீர்களா என்றும் பாருங்கள், நிலைமின்சாரம் வடிய வைத்தது அது. பிறகு எஞ்சின். கசிவு இல்லை என்றால் பாதி, ஓரிரு நாள் ஓட்டிய பிறகு ஃபுல். மேல்பக்கச் சீலின் யோக்கியதை அன்றுதான் தெரியும். பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு முறை மூக்கை உறிஞ்சிப் பாருங்கள்.

கழட்டின பழைய டேங்கை எடைக்குப் போட்டுடலாமா?

ஒரு மாதம் கழித்துப் போடுங்கள். விட்டுப்போன ஒரு கிளிப், ஒரு வால்வு, பட்டைக்கு அடியில் வைக்கும் ரப்பர் என்று ஏதாவது ஒன்று அதில் ஒட்டிக்கொண்டே போயிருக்கும். அதுவரை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ வைக்காமல், காற்றோட்டமான திறந்த இடத்தில், அடுப்பும் பீடியும் எட்டாத தூரத்தில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும்.